ஸ்டிக்கில் ஆட்டம்

தாவீதுராஜ் மச்சான் விமானத்தின் ஸ்டிக்கைப் பிடித்து முன்னும் பின்னும் அசைத்தார். கட்டைவிரல் அகலத்துக்கு அது சும்மாவே ஆடியது. அதற்குப் பிறகுதான் வாலில் இருந்த பலகை அசைந்தது.

"கை சொல்றது வாலுக்குக் கேக்க நேரமாகுது மாப்ள. மேல போயிட்டா அந்த நேரம் நமக்குக் கிடைக்காது."

மச்சான் என் அக்கா பிலோமியின் கணவர். விமானப்படையில் லாரி ஓட்டியவர். அங்கேதான் எஞ்சின் இல்லாத விமானத்தில் பறக்கக் கற்றுக்கொண்டார். ஊர் திரும்பியதும் அலுமினியக் குழாய்களையும் பழைய கார் எஞ்சினையும் வைத்து, ஓர் ஆள் உட்காரும் விமானம் கட்டினார். இறக்கைத் துணி, நான் வேலை பார்க்கும் அருப்புக்கோட்டைத் தறிக்கூடத்தில் நெய்தது. திருச்சுழி போகும் வழியில், வறண்ட கண்மாய்க்குள் அதை நிறுத்தியிருந்தோம். உச்சி வெயிலில் தரை நீர்போல நெளியும்போது சக்கரங்கள் மறைந்துவிடும். அப்போது அது யாரும் இல்லாமலே தாழப் பறந்துகொண்டிருக்கும்.

புரட்டாசி பாதி கடந்து, கிழக்கே மேகம் கூடிக்கொண்டிருந்தது. மழை விழுந்தால் கண்மாய் சேறாகிவிடும். நாளை பறக்காவிட்டால் அடுத்த கோடைதான்.

சாயங்கால வகுப்பில் மெஷின் டிராயிங் படிக்கிறேன். ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும் என்று வாத்தியார் சொல்வார். எனக்கு அது சொல்லித்தர வேண்டியதே இல்லை. வீட்டைப் பூட்டினால் தெருமுனை வரை போய்விட்டுத் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிறவன் நான். வாலிலிருந்து தொடங்கினேன். மச்சான் ஸ்டிக்கை ஆட்ட, நான் ஒவ்வொரு மூட்டாகக் கையால் பொத்திப் பார்த்தேன். கீல்களில் ஒன்றுமில்லை. கம்பி விறைப்பாக இருந்தது. கடைசியில் சீட்டுக்கு அடியில், ஸ்டிக்கின் காலைத் தாங்கும் போல்ட் என் விரலுக்குள் 'டொக் டொக்' என்றது. ஓட்டை முட்டை வடிவத்தில் தேய்ந்திருந்தது.

ஓட்டையைச் சீராகப் பெருக்கி, அதற்குள் பித்தளை வளையம், புஷ் என்பார்கள், கடைந்து போட வேண்டும். ஆனால் அன்று ஆயுத பூஜை. சுந்தரபாண்டி அண்ணன் பட்டறையில் லேத்துக்குச் சந்தனம் பூசி, மாலை போட்டு, முன்னால் பொரி குவித்திருந்தார்கள்.

"இன்னைக்கி அத எழுப்பப்படாது தம்பி," என்றார் அண்ணன். "வருசத்துக்கு ஒரு நாள்தான் தூங்குது. பொரி அள்ளிக்க."

வாயில் பொரியோடு தறிக்கூடத்துக்கு நடந்தேன். தறியில் ஒரு முளை அதன் துளைக்குள் லொடலொடத்தால், கஞ்சி போட்ட பாவு நூலை அதில் சுற்றி அடித்து இறக்குவோம். காய்ந்தால் கல். அருப்புக்கோட்டையில் அதை யாரும் யோசித்துச் செய்வதில்லை, கை தானே செய்யும். என் கையும் செய்தது. கண்மாய்க்குத் திரும்பி, ஈர நூலை போல்ட்டில் நெருக்கமாகச் சுற்றி உள்ளே தட்டி இறக்கினேன். ஸ்டிக் வழுக்கிக்கொண்டு அசைந்தது. ஆட்டம் துளியும் இல்லை. மச்சான் என் தலையைப் பிடித்து ஆட்டினார்.

"ஒன் தலையிலதான் இப்ப ஆட்டம் இருக்கு!"

மறுநாள் காலை கண்மாய்க் கரையில் ஆட்கள் கூடியிருந்தார்கள். சுந்தரபாண்டி அண்ணனும் புல்லட்டில் வந்திருந்தார். மச்சான் சீட்டில் ஏறி ஸ்டிக்கைத் தன் பக்கம் இழுத்துக் கையை எடுத்தார். அது இழுத்த இடத்திலேயே நின்றது.

"பாத்தியா, போலீஸ்காரன் மாதிரி நிக்குது!"

நேற்று வரை கையை விட்டால் வால் பலகையின் கனத்துக்கு ஸ்டிக் தானே முன்னால் விழுந்தது. பார்த்தது நிஜம்தானா, நானாக நினைத்துக்கொண்டதா? மறுபடி இழுத்துவிடச் சொன்னேன். நின்றது. தறியில் முளை அசையாமல் இருந்தால் போதும். இங்கே ஸ்டிக் போல்ட்டின் மேல் திரும்ப வேண்டும்; காய்ந்த நூல் அதைப் பிடித்துக்கொண்டது.

"நிக்கக்கூடாது மச்சான். விழுகணும்."

அவர் இன்னொரு முறை இழுத்துப் பார்த்தார். அவருக்கும் தெரிந்துவிட்டது. ஆனால் கண் மேகத்தின் மேல் இருந்தது.

"ரெண்டு ஓட்டு ஓட்டுனா எளகிரும்ல."

"எளகலன்னா? மூக்கு மேல பாத்தபடியே நிக்கும்."

"ஏலே, மழை வருதுலே!"

சீட்டுக்கு அடியில் புகுந்தேன், நட்டைக் கழற்றினேன், போல்ட்டைத் தட்டி வெளியே எடுத்தேன். நூல் கொம்புபோல் இறுகியிருந்தது. ஸ்டிக் அவர் மடியில் செத்து விழுந்தது. கரையில் யாரோ சிரித்தார்கள். மச்சான் என்னைப் பார்க்கவில்லை.

சுந்தரபாண்டி அண்ணன் போல்ட்டை வாங்கி நகத்தால் சுரண்டிப் பார்த்தார்.

"இன்னைக்கி விசயதசமி. முத வேலை நல்ல வேலையா இருக்கணும்னு பாத்துக்கிட்டிருந்தேன். ஏலே தாவீது, மூஞ்சிய அப்புறம் தூக்கலாம். ஸ்டிக்கக் கழத்திக் குடு. தம்பி, வண்டியில ஏறு."

நாங்கள் புஷ்ஷும் ஸ்டிக்குமாகத் திரும்பி வரும்போது செம்மண் வாசனை எதிரே வந்தது. கண்மாய்க்குள் இறங்கியபோது மழையே வந்துவிட்டது. கூட்டம் கலைந்துவிட்டது. அக்கா மட்டும் இறக்கைக்கு அடியில் தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வண்டியில் வரும்போது வழியெல்லாம் யோசித்தேன்: இந்த வருஷத்தை அவரிடமிருந்து பிடுங்கியது நான்தான். சுற்றிய கையும் இதுதான், கழற்றிய கையும் இதுதான்.

மச்சான் புஷ்ஷையும் ஸ்டிக்கையும் பொருத்தினார். எண்ணெய் விட்டார். ஸ்டிக்கை இழுத்துவிட்டார். அது மெதுவாக முன்னால் சாய்ந்தது. பிறகு தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு சீட்டில் உட்கார்ந்தார்.

"வாலுக்குப் போ மாப்ள."

பலகையில் உள்ளங்கையை வைத்தேன். துணியில் மழை தாளம் தட்டியது. அதற்கு அடியில், ஸ்டிக் வழியாக அவர் கை வந்தது. சற்றும் தாமதிக்காமல், பக்கத்தில் நின்று தொடுவதுபோல் வந்தது. மேலே, கீழே, மறுபடி மேலே. அவர் கண்ணை மூடியிருந்தார்.

"ஏறுதா?"

"ஏறுது மச்சான்."

கண்மாய் முழுவதும் வெள்ளையாகிவிட்டது. கரையும் இல்லை, கருவேல மரங்களும் இல்லை. நீர் எங்கள் காலடியில் ஓடியதா, நாங்கள் அதன்மேல் ஓடினோமா, தெரியவில்லை.

"எங்க போய்க்கிட்டு இருக்கீக?" என்று கத்தினாள் அக்கா.

"மல்லாங்கிணறு ஊரத் தாண்டியாச்சு!" என்று மச்சானும் கத்தினார்.

"போதும், எறங்குங்க. தார்ப்பாயி பறக்குது."

"பொறுடி," என்றார் மச்சான், கண்ணைத் திறக்காமல். "எறங்க எடம் பாக்க வேண்டாமா?"