நூற்றுப் பதினாலு இடங்கள்

நான்காவது நாற்காலியை அவள் மறுபடியும் தூக்கிக்கொண்டு போய் முன்வரிசையில் போட்டாள். முதல் வயலின்காரன் மறுபடியும் அதைத் தூக்கி வந்து, சவப்பெட்டிக்குப் பக்கத்தில் மற்ற மூன்று நாற்காலிகளோடு சேர்த்து வைத்தான்.

"அண்ணி, அது காலியா இருக்கணும். அதுதான் விஷயமே."

"வயசானவங்க நிறைய பேர் வராங்க தம்பி. நிக்க மாட்டாங்க."

"அந்தக் காலி இடம் பேசும் அண்ணி."

"பேசட்டும். அதுக்கு நாற்காலி எதுக்கு?"

அவன் துக்கத்தைப் பொறுத்துக்கொள்கிறவன் போலக் கண்ணை மூடித் திறந்தான். அவளை அண்ணி என்று கூப்பிட ஆரம்பித்து மூன்று நாள் ஆகிறது. அவள் கணவர் செத்த நாளிலிருந்து. பத்தொன்பது வருஷத்தில் அவரை அவன் ஒருதரம்கூட அண்ணன் என்று கூப்பிட்டதில்லை.

அவர்கள் நால்வர் குழு. இரண்டு வயலின், ஒரு செல்லோ, ஒரு வயோலா. வயலினைவிடக் கொஞ்சம் பெரிதான அந்த வயோலா அவள் கணவருடையது. உயிரோடு இருப்பவர்கள் எழுதிய இசையை மட்டுமே வாசிப்பது என்பது குழுவின் கொள்கை. கேட்பவர்களுக்கு உயிர் போகும் என்பதை அவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை. எண்ணெய் காணாத கதவுக் கீல் கொஞ்ச நேரம், மரத்தில் விரலால் தட்டுவது கொஞ்ச நேரம், பிறகு நீண்ட அமைதி. கச்சேரிக்கு முப்பது பேர் வருவார்கள். இருபது பேர் இதே மாதிரி எழுதுகிறவர்கள். மிச்சம் பத்துப் பேர் அவர்களால் கூட்டிவரப்பட்டவர்கள்.

அவள் மனதுக்குள் அவர்களுக்குப் பெயர் வைத்திருந்தாள். முதல் வயலின், கழுத்து. வாசிக்கத் தொடங்கும்போது வாத்துபோலக் கழுத்தை உயர்த்தி இறக்குவான். இரண்டாம் வயலின்காரி, ஆமாம். கழுத்து எதைச் சொன்னாலும் தலையாட்டுவாள். செல்லோக்காரன், மெத்தை. எங்கே போனாலும் உட்கார ஒரு மெத்தையோடுதான் போவான். இன்றும் கொண்டுவந்திருந்தான்.

"தம்பி, நான் கேட்டது என்னாச்சு?"

"எது அண்ணி? அந்த மூக்குச் சத்தமா?"

"ம்."

எந்தப் பாட்டானாலும் முதல் ஸ்வரத்துக்கு முன்னால் அவள் கணவர் மூக்கால் சுருக்கென்று மூச்சை இழுப்பார். சளி பிடித்த குழந்தை மாதிரி. ஒத்திகை முழுவதும் அவள் வீட்டு முன்னறையில்தான் நடக்கும். சமையலறையில் இருந்தபடி அதைக் கேட்டுக் கேட்டு அவளுக்கு எரிச்சல் வரும். கைக்குட்டை வாங்கிக் கொடுத்துப் பார்த்தாள். அவர் அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு உறிஞ்சினார்.

திங்கட்கிழமை காலையில் அவர் கட்டிலில் உட்கார்ந்து ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தார். அவள் முட்டை வேகவைத்துக்கொண்டிருந்தாள். அந்த உறிஞ்சல் கேட்டது. எப்போதும்போல அடுத்து வரவேண்டிய சத்தத்துக்காக அவள் காது காத்திருந்தது. வரவில்லை. படுக்கையறையில் வயோலா இல்லை என்பது நினைவுக்கு வரச் சிறிது நேரமானது. அடுப்பை அணைத்துவிட்டுத்தான் போனாள். அதைப்பற்றி யோசிப்பதில்லை என்று முடிவு செய்திருந்தாள்.

அவளுக்கு அந்தச் சத்தம் வேண்டும். போட்டோ இருக்கிறது, சட்டைகள் இருக்கின்றன. அது மட்டும் இல்லை.

"ஆறு ஆல்பம் போட்டிருக்கீங்க. ஒண்ணுல கூடவா இல்ல?"

"சான்ஸே இல்ல அண்ணி. அதுல நான் ரொம்பக் கறார். கடைசி ஆல்பத்துல மட்டும் நூத்திப் பதினாலு இடம். ஒவ்வொண்ணா உக்காந்து வெட்டி எடுத்தேன். நாலு நாள் ஆச்சு."

"நூத்திப் பதினாலு."

"ஒண்ணு விடல." பெருமையாகத்தான் சொன்னான்.

"ஆமாம்க்கா. கண்ணாடி மாதிரி இருக்கும்," என்றாள் இரண்டாம் வயலின்காரி.

"எடுத்ததை எங்க வச்சீங்க?"

"வைக்கறதா? அழிச்சா போயிடும் அண்ணி, அவ்வளவுதான்."

"ஒத்திகையில எடுத்த பதிவு?"

"அதையெல்லாம் யார் வச்சுக்கறாங்க," என்றான் மெத்தை, மெத்தையைத் தட்டிப் போட்டபடி.

அவள் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். கண்ணாடியைப் பார்க்காமல் வண்டியைப் பின்னால் எடுத்துச் சுவரில் இடித்துவிட்டு, சுவரைத் திட்டும் ஆட்களை இருபத்திரண்டு வருஷமாகப் பார்த்து வருகிறாள். இவர்களையும் அப்படியே பார்த்தாள்.

கழுத்து ஒரு மைக்கை நிறுத்தி, அதன் உயரத்தைச் சரிசெய்தான். "ஒரு நினைவுப் பதிவு அண்ணி. அஞ்சே நிமிஷம். வயோலாவுக்கு அதிகம் வேலை இல்லாத பாட்டாத் தேடி எடுத்திருக்கோம். அவர் இல்லாமலே சமாளிச்சுடலாம்."

"ரொம்பத் தேடினீங்களா?"

"ரெண்டு நாள்."

அவரை வழியனுப்ப, அவர் தேவைப்படாத பாட்டை இரண்டு நாள் தேடியிருக்கிறார்கள். அவள் போய் முன்வரிசையில் உட்கார்ந்தாள். நாற்காலி காலியாகவே இருக்கட்டும்.

பதினொரு மணிக்குக் கூடம் நிறைந்தது. அவளிடம் வண்டி கற்ற நாலைந்து பேர் சுவரோரம் நின்றார்கள். அவள் அண்ணன் மூச்சிரைக்க வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். மூவரும் கருவிகளைத் தோளிலும் காலிடையிலும் வைத்து வில்லை உயர்த்தினார்கள். கழுத்து கழுத்தை உயர்த்தினான். இறக்கினான்.

அவனுடைய ஸ்வரம் மட்டும் தனியாக வந்து, கூட யாரும் வராததைக் கண்டு நின்றது. மற்ற இரண்டு விற்களும் அந்தரத்தில் இருந்தன. எதற்காகக் காத்திருக்கிறோம் என்று அவற்றைப் பிடித்திருந்தவர்களுக்கே தெரிந்த மாதிரி இல்லை. கழுத்து தந்தியை இறுக்கும் முறுக்காணியைத் திருகினான், தப்பு அதனுடையது என்பதுபோல. மறுபடி உயர்த்தி இறக்கினான். இந்தத் தடவை மூன்று பேரும் வந்தார்கள், ஒரே கதவில் நுழையப் பார்க்கும் மூன்று பேரைப்போல, முன்னும் பின்னுமாக. நின்றார்கள்.

கூட்டம் மரியாதையோடு கேட்டுக்கொண்டிருந்தது.

"ஏம்மா, ஆரம்பிச்சுட்டாங்களா?" என்று அண்ணன் காதோடு கேட்டார்.

"இல்ல."

"அப்ப இது என்னது?"

"இது ஆரம்பிக்காதது."

"நல்லாத்தான் இருக்கு," என்றார்.

மூன்றாவது முறை விற்கள் உயர்ந்தபோது கழுத்தின் நெற்றியில் வியர்வை மின்னியது. இரண்டாம் வயலின்காரி வாழ்க்கையில் முதல்முறையாக யாருக்கும் தலையாட்டாமல், காலி நாற்காலியைப் பார்த்தாள். மெத்தையும் பார்த்தான்.

அவளுக்குப் புரிந்தது. புதிதாக ஒன்றும் இல்லை. ஒருநாள் ஒத்திகை முடிந்து எல்லோரும் போன பிறகு கணவரிடம் அவளே கேட்டிருக்கிறாள்: "நீங்க மூச்சிழுத்த பிறகுதான் அவன் தலையாட்டறான். எல்லாரும் அவன்தான் ஆரம்பிச்சு வைக்கறதா எழுதறாங்க. சொல்லக் கூடாதா?"

"உன் வண்டியில ஸ்டியரிங்கைப் பிடிச்சிருக்கறவன் என்ன நினைக்கறான்?" என்றார் அவர், வில்லைத் துடைத்தபடி. "உன் காலுக்கடியில ஒரு பிரேக் இருக்கறதையா?"

இப்போது அவளுக்கு இனித்தது. இன்னும் பத்து நிமிஷம் இப்படியே வில்லைத் தூக்கிக்கொண்டு உட்காரட்டும். நூற்றுப் பதினாலு இடத்தில் துடைத்தார்களே, நூற்றுப் பதினாலு தடவை கழுத்தை ஆட்டட்டும். மைக் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருக்கட்டும்.

விற்கள் நடுங்கத் தொடங்கின. பின்வரிசையில் யாரோ இருமினார்கள். அவள் சவப்பெட்டியைப் பார்த்தாள்.

பச்சை விழுந்தும் வண்டி அணைந்து நிற்க, பின்னால் ஹாரன் அலற, சாவியைத் திருகித் திருகிப் பார்க்கும் ஆட்களை அவள் அங்கேயே திட்டியதில்லை. முதலில் சிக்னலைத் தாண்ட வேண்டும்.

மூக்கால் மூச்சை இழுத்தாள். சுருக்கென்று, சளி பிடித்த குழந்தை மாதிரி.

மூன்று விற்களும் ஒன்றாக இறங்கின. கழுத்து அதற்குப் பிறகுதான் தன் கழுத்தை அசைத்தான்.

ஐந்து நிமிஷம் வாசித்தார்கள். நன்றாகவே இருந்தது. அது வேறு அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

எல்லாம் முடிந்து கூட்டம் கலைந்தபோது கழுத்து மைக்கைக் கழற்றியபடி அவளிடம் வந்தான். முகம் தெளிந்திருந்தது.

"முதல்ல கொஞ்சம் இழுத்துடுச்சு அண்ணி. முறுக்காணி வழுக்கிடுச்சு. அப்புறம் பிடிச்சுட்டேன்."

"பார்த்தேன்."

"ஆரம்பிக்கற இடத்துல முன்வரிசையில யாரோ மூக்கை உறிஞ்சிட்டாங்க. நல்லா விழுந்திருக்கு. நீங்க கவலைப்படாதீங்க, அதை எடுத்துடறேன்."

அவள் அவனைப் பார்த்தாள்.

"நூத்திப் பதினஞ்சு," என்றாள்.

"என்ன அண்ணி?"

"ஒண்ணுமில்ல. நாற்காலியை எடுத்த இடத்துல போட்டுட்டுப் போங்க."

வெளியே வெயில் ஏறியிருந்தது. கார் நிறுத்துமிடத்தில் அவள் கதவைத் திறந்து ஏறினாள். பெல்ட்டை இழுத்துப் போட்டாள். கண்ணாடியைச் சரிபார்த்தாள். அண்ணன் ஜன்னலைத் தட்டினார்.

"ஏம்மா, இந்தப் பக்கம் உக்காந்திருக்க? யார் ஓட்டறது?"

அவள் திரும்பிப் பார்த்தாள். பக்கத்தில் ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருக்கை காலியாக இருந்தது. அவளுடைய கால் தன் பக்கத்துப் பிரேக்கின் மேல் மெல்ல ஊன்றியபடி, வண்டி கிளம்பக் காத்திருந்தது.