தண்ணீரில் தண்ணீர் விட்ட மதியம்

1

இப்பிரபஞ்சத்தில் எதுவும் தனித்து இருப்பதில்லை; அணு அணுவையும் மூலக்கூறு மூலக்கூறையும் தேடிக் கண்டடைந்து, தொட்டு, பற்றிக்கொண்டே இருக்கின்றன.

மேற்கண்ட வாக்கியத்தை ஜன்னல் இல்லாத ஓர் அடித்தள அறையில், சாப்பாட்டு டப்பாவைத் தனியாகத் திறந்து தனியாக மூடிவிட்டு எழுதினேன். எங்கள் ஆராய்ச்சி நிலையத்தின் செய்திமடலுக்கு எழுதுவது என் வேலை. துணைக்கு ஒரு நகல் இயந்திரம் உண்டு. அதுவும் பழுது.

அரைப் பக்கம் கேட்டிருந்தார்கள். முதல் வாக்கியத்துக்கு அப்புறம் பேனா நகரவில்லை. இரண்டாவது வாக்கியத்துக்குப் பதிலாக வந்து சேர்ந்ததுதான் இந்தக் கதை.

2

மூலக்கூறுகள் எப்படி ஒன்றோடொன்று உறவாடுகின்றன என்று கண்டுபிடிக்க இயற்பியல், வேதியியல், உயிரியல் என்று மூன்று துறைகள் கைகோத்தன. முதல் மாடி, இரண்டாம் மாடி, மூன்றாம் மாடி. கைகோத்த நாளிலிருந்து மூன்று துறைத் தலைவர்களும், கூட்டங்களுக்கு வெளியே, மின்னஞ்சலில் மட்டுமே பேசிக்கொள்கிறார்கள்.

கேள்வி ஒன்றே ஒன்று: ஒரு குறிப்பிட்ட புரதம், ஒரு குறிப்பிட்ட மருந்து மூலக்கூறைப் பிடித்துக்கொள்கிறதா, இல்லையா? பிடித்துக்கொண்டால் அதை 'அடையாளம் கண்டது' என்று எழுத வேண்டும் என்கிறார் உயிரியல். 'பிணைந்தது' என்கிறார் வேதியியல். 'ஆற்றல் குறைந்தது' என்கிறார் இயற்பியல். இதற்காகவே மூன்று கூட்டங்கள் நடந்தன. (குறிப்பெடுத்தவன் நான். தேநீர் ஆறிவிட்டது என்பதில் மட்டும் மூவரும் ஒத்துப்போனார்கள்.)

உண்மையில் அது பிடித்துக்கொள்கிறதா என்று அளந்து பார்ப்பவர் ஒரே ஒருவர். நான்காம் மாடியில் இருக்கிறார்.

3

அவரை அறிமுகப்படுத்த எழுதிப் பார்த்தவை:

'அவருடைய விழிகளில் இரண்டாண்டுத் தவத்தின் ஒளி—' (வேண்டாம். அவர் கண்ணாடியில் குழல்விளக்குதான் தெரியும்.)

'குளிர்ந்த அறையில், தனிமை என்னும்—' (படித்தால் சிரிப்பார். அதைத் தாங்க மாட்டேன்.)

சரி, உள்ளபடி. சின்ன பீரோ அளவுக்கு ஒரு பெட்டி. அதற்குள் ஒரு சிமிழில் புரதக் கரைசல். மேலிருந்து ஊசி வழியாக, நிமிடத்துக்கு ஒன்றாக, இருபது துளி மருந்து விழும். ஒவ்வொரு துளிக்கும் பெட்டி 'பீப்' என்று கத்தும். இரண்டும் பற்றிக்கொண்டால் கடுகிலும் கடுகளவு சூடு பிறக்கும். திரையில் ஒரு மேடு எழும். இருபது துளிக்கு இருபது மேடு. எல்லோரும் அவரைத் 'துளி மேடம்' என்கிறார்கள்.

வேலை வருடா வருடம் புதுப்பிக்கிற வேலை. மேடுகள் நிஜமென்றால் நிரந்தரம். இல்லையென்றால் இந்த மாதக் கடைசியோடு வீட்டுக்குப் போகலாம்.

(கதாபாத்திரமாக அவர் மீது எனக்குச் சந்தேகம் உண்டு. இரண்டு வருடம் ஒரே அறையில் இருந்த ஆளுக்கு ஒரு குறைகூடவா இருக்காது? ஒன்றிரண்டைக் கொடுத்துப் பார்த்தேன். எதுவும் அவரிடம் ஒட்டவில்லை. பெட்டியோடு பேசுவார். "என்னடா, இன்னிக்கும் மூஞ்சத் தூக்கி வச்சிருக்க?" இதைக் கதவுக்கு வெளியே நின்று என் காதாலேயே கேட்டிருக்கிறேன்.)

4

போன வாரம் மதியம் அவரே கீழே இறங்கி என் அறைக்கு வந்தார்.

"சார், ஒரு இருபது நிமிஷம் சும்மா உக்காரணும். வர்றீங்களா?"

"சம்பளமே அதுக்குத்தானே மேடம் குடுக்குறாங்க."

அவர் சிரிக்கவில்லை. விஷயத்தைச் சொன்னார். அறை ஐஸ் மாதிரி இருக்கும். பெட்டியின் பக்கவாட்டுத் தகடு மட்டும் இளஞ்சூடு. இரண்டு வருடமாக ஒவ்வொரு 'பீப்'புக்கும், ஒரு துளி முடிந்தது என்று, அதில் முதுகைச் சாய்த்து இளைப்பாறியிருக்கிறார். முந்தின நாள்தான் பார்த்தாராம்: வெளிச்சூடு உள்ளே போகாமல் தடுக்கிற பஞ்சு எப்போதோ உதிர்ந்துபோயிருக்கிறது.

"அந்த மேடு மருந்தோட சூடா, என் முதுகோட சூடான்னு தெரியல சார்."

"நீங்களே உக்காந்து பாக்கலாமே?"

"நான் உக்காந்தா எனக்கு வேண்டிய மாதிரி உக்காந்துருவேன். வேற ஆள் வேணும்." கொஞ்சம் தயங்கினார். "இந்தக் கட்டடத்துல எனக்கு வேற யாரையும் தெரியாது."

(எனக்கும்தான்.)

லிஃப்ட் வழக்கம்போல ஓய்வில் இருந்தது. ஏறினோம். சிமிழிலும் தண்ணீர், ஊசியிலும் தண்ணீர். தண்ணீரில் தண்ணீர் விழுந்தால் சூடு பிறக்கக் காரணமில்லை. 'பீப்' கேட்டதும் நான் சாய வேண்டும், பத்து எண்ண வேண்டும், நிமிர வேண்டும். மேடு எழுந்தால் அது முதுகுச் சூடு. இரண்டு வருடமும் போச்சு. கோடு நேராகப் போனால் பழி முதுகின் மேல் இல்லை; மூலக்கூறுகள் நிஜமாகவே பற்றிக்கொள்கின்றன. தன் சூடு கலக்கக்கூடாதென்று அவர் நடைவழியில் போய் நின்றுகொண்டார்.

இருபது நிமிடம் கழித்து வந்து திரையைப் பார்த்தார். நூல் பிடித்த மாதிரி நேர்கோடு.

"சாஞ்சீங்களா?"

"சாஞ்சேன்."

"ஒவ்வொரு துளிக்குமா?"

"இருபதுக்கும்."

கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார். பெட்டியைப் பார்த்து, "கேட்டுக்கிட்டியாடா?" என்றார். பிறகு ஒரு பிஸ்கட் பொட்டலத்தைப் பிரித்து எனக்கும் இரண்டு வைத்தார். அந்தக் கட்டடத்தில் என் எதிரே உட்கார்ந்து ஒருவர் சாப்பிட்டது அதுதான் முதல் தடவை. மறுநாளும் கூப்பிட்டார். அதற்கு மறுநாளும்.

5

நாளைக் காலை பத்து மணிக்கு மூன்று தலைவர்கள் முன்னிலையில், வெளியாட்கள் குழுவுக்கு அவர் முடிவை அறிவிக்கிறார். கதைக்கு மூன்று முடிவுகள் வைத்திருக்கிறேன்.

அ. கைதட்டல். வேலை நிரந்தரம். கட்டுரையில் யார் பெயர் முதலில் என்று மூன்று மாடியும் சண்டை போடும். அவர் பெயர் கடைசியில், சின்ன எழுத்தில்.

ஆ. ஆறு மாதம் கழித்து, பஞ்சு உதிராத வேறொரு பெட்டியில், வேறு யாரோ செய்து பார்த்து, மேடே எழவில்லை என்று கடிதம் போடுவார்கள். எதிலும் ஒத்துப்போகாத மூவரும் தப்பு துளி மேடத்தினுடையது என்பதில்—

இ. பத்து மணிக்குள் ஒருவன் நான்காம் மாடி ஏறிப்போய் அவரிடம் ஒரு வாக்கியம் சொல்வான். சோதனையை அவர் மறுபடி செய்வார். வேலை போகலாம், போகாமலும் இருக்கலாம். பிஸ்கட் நிச்சயம் நின்றுபோகும்.

எது வேண்டுமோ நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள், என்னால் ஆகவில்லை. அதற்கு முன் ஒரு தகவல். முறைப்படி அதை முதல் பத்தியிலேயே வைத்திருக்க வேண்டும்.

அன்று படியேறியதில் என் சட்டை முதுகெல்லாம் வியர்வை. தகட்டில் ஈரத்தடம் விழுந்தால் அவர் பார்த்துவிடுவாரே என்று, நான் ஒரு துளிக்கும் சாயவில்லை.