பின் சீட்டுக்கு மூன்று காஜா

டெய்லரக்காவுக்கு நாற்பத்தாறு வயதில் ஓட்டுநர் உரிமம் கிடைத்துப் பதினெட்டு நாள் ஆகியிருந்தது. பதினெட்டு நாளும் அதைக் கைப்பையில் பத்திரமாக வைத்துக்கொண்டு பஸ்ஸில்தான் போய் வந்தாள். வேறென்ன செய்வாள், பாவம்? வீட்டில் இருந்த ஒரே கார் வருடாந்திரத் தகுதிச் சோதனையில் இரண்டு தடவை மண்ணைக் கவ்வியிருந்தது. முதல் தடவை பிரேக். இரண்டாம் தடவை புகை, ஹாரன், வைப்பர், பின் விளக்கு என்று ஒரு பக்கம் முழுக்க எழுதிக் கையில் கொடுத்துவிட்டார்கள்.

அக்காவின் வீட்டுக்காரர் நூலகத்தில் வேலை பார்ப்பவர். கோபம் வந்தாலும் மெதுவாகத்தான் வரும்.

"இது மூணாவது தடவை," என்றார். "பாஸாச்சுன்னா சாவி உனக்கு. நீயே ஓட்டிக்கோ, ஒரு வார்த்தை கேக்க மாட்டேன். ஆகலைன்னா பழைய இரும்புக் கடைதான். சொல்லி வெச்சுட்டேன்."

"உயிரோட இருக்கும்போதேவா?" என்று அக்கா நெஞ்சில் கை வைத்தாள்.

அன்றிலிருந்து அவளுக்குத் தலைகால் புரியவில்லை. பிரேக்கையும் புகையையும் மெக்கானிக் பார்த்துக்கொண்டார். மிச்சத்தை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று அக்கா காரை வீட்டுக்குக் கொண்டுவரச் செய்தாள். 'நாங்கள்' என்றால் அவளும் அவள் நாத்தனாரும். நாத்தனாருக்கு மருந்துக் கடையில் வேலை. வாய் மட்டும் ஊர் முழுக்க வேலை பார்க்கும்.

அடேயப்பா, அந்த ஒரு வாரம்! கதவுக் கீல்களுக்குத் தையல் மிஷின் எண்ணெய் போட்டார்கள். டயர் தேய்மானத்தை இஞ்ச் டேப் வைத்து அளந்து சாக்குக்கட்டியால் குறி போட்டார்கள். ஹாரனை நாத்தனார் திறந்து, ஊதி, துடைத்து, இரண்டு ஒயரை மாட்டினாள். அது அலற ஆரம்பித்ததுதான் தெரியும், நிற்கவே இல்லை. தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. வீட்டுக்காரர் பாதி சவரம் செய்த முகத்தோடு ஓடி வந்து, உதட்டில் விரல் வைத்துக் காரைப் பார்த்து "ஷ்ஷ்!" என்றார். கார் அவருக்கெல்லாம் அடங்குமா? நாத்தனார் ஒயரைப் பிடுங்கிய பிறகுதான் ஓய்ந்தது. இரண்டு பெண்களும் சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள்.

அதோடு விட்டிருக்கலாம். விட்டால் அவள் டெய்லரக்கா இல்லையே! கிழிந்த சீட் உறைகளைப் பார்த்தால் அவள் கை சும்மா இருக்குமா? "சோதிக்க வர்றவர் முதல்ல உள்ளதான் எட்டிப் பார்ப்பாரு. பார்த்ததும் அவருக்கு உச்சி குளிரணும்," என்று கெட்டியான நீலத் துணியாக எடுத்துவந்தாள். பின் சீட்டில் மெத்தைக்கும் முதுகுக்கும் நடுவே ஒரு இடுக்கு உண்டு. பதினேழு வருடத்துத் தூசியும் தலைமுடியும் சேர்ந்த இடம். அதைக் கண்டாலே அக்காவுக்கு ஆகாது. மெத்தையையும் முதுகையும் சேர்த்து ஒரே உறையாக, இடுக்கே தெரியாமல் தைத்துவிட்டாள். ஒரு சுருக்கம் கிடையாது. அளவெடுக்கும்போது துருத்திக்கொண்டு நின்ற சாமான்களையெல்லாம் நாத்தனார் இடுக்குக்குள் தள்ளிக்கொடுத்தாள். இருவரும் தள்ளி நின்று பார்த்தார்கள்.

"அண்ணி, இதுல உக்காரவே மனசு வராது," என்றாள் நாத்தனார். அக்காவுக்குப் பெருமை தாங்கவில்லை.

சோதனை நாள் காலையில் வீட்டுக்காரர்தான் இரண்டு பெண்களையும் ஏற்றிக்கொண்டு காரை ஓட்டிப் போனார். சோதனைக் கூடத்துக்குள் இரண்டு பேருக்குத்தான் அனுமதி என்றதும், கூடத்து ஆளிடம் வண்டியையும் சாவியையும் ஒப்படைத்துவிட்டு, கேட்டுக்குப் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்து, இரும்புக் கடைக்காரரின் நம்பரைப் போனில் எடுத்து வைத்துக்கொண்டார். அதைப் பார்த்ததும் அக்கா நாத்தனாரை இழுத்துக்கொண்டு உள்ளே நடந்தாள்.

சோதனை அதிகாரி பேசவே யோசிக்கிற ஆள். பிரேக்? டிக். விளக்கு? டிக். வைப்பர்? டிக். ஹாரனை அழுத்தினார், சமர்த்தாக ஒரே தடவை கத்தியது. டிக்! நாத்தனார் அக்காவின் கையைக் கிள்ளிக்கொண்டே இருந்தாள்.

"பின்னாடி சீட் பெல்ட்டை மாட்டிக் காட்டுங்கம்மா," என்றார் அதிகாரி.

நாத்தனார் குதித்து ஏறி உட்கார்ந்தாள். பெல்ட்டை இழுத்தாள். வந்தது. மாட்டுவதற்குக் கீழே தடவினாள். வலப்பக்கம் தடவினாள், இடப்பக்கம் தடவினாள். வழுவழுவென்று நீலத் துணி.

"அண்ணி, பூட்டு எங்க?"

அக்காவுக்கு அப்போதுதான் உறைத்தது. மூன்று பெல்ட் பூட்டையும் உள்ளே வைத்துத் தைத்தாயிற்று! ஐயோ, ஐயோ! நாத்தனார் தலையில் அடித்துக்கொண்டாள். "நான்தான் உள்ள தள்ளினேன். என் கையை உடைக்க!"

அதிகாரி பேனாவை எடுத்தார்.

"சார், ஒரு நிமிஷம். பிரிச்சு எடுத்துடறேன்," என்றாள் அக்கா.

"இங்க ரிப்பேர் பண்ணக் கூடாதும்மா." உள்ளே பயன்படுத்தக் கூடாத கருவிகளை எழுதிச் சுவரில் மாட்டியிருந்த பலகையைக் காட்டினார்.

நாத்தனார் அதை உரக்கப் படித்தாள். "ஸ்பேனர், ஸ்க்ரூடிரைவர், சுத்தியல், வெல்டிங் சாமான்... சார், கத்திரிக்கோல்னு எங்கயுமே எழுதலையே!"

அதிகாரி பலகையைத் தானும் ஒரு தடவை படித்தார். சிரிப்பை அடக்கியதில் அவர் மீசை கோணிக்கொண்டது. "புகை இன்னும் பார்க்கலை," என்று பொதுவாகச் சொன்னார். "அதைப் பார்த்துட்டு பெல்ட்டுக்கு வர்றேன்." சைலன்சர் பக்கம் போய்விட்டார்.

அக்கா சீட்டில் மண்டி போட்டாள். கைப்பையில் கத்திரிக்கோல், ஊசி, நூல் எப்போதும் இருக்கும். துணிக்கு மேலாக விரலால் அழுத்தி முதல் பூட்டைத் தேடிப் பிடித்தாள். மூன்று மதியம் உட்கார்ந்து தைத்தது. ஒரு கணம் மனசு வலித்தது. கண்ணை மூடிக்கொண்டு வெட்டினாள். பூட்டு வெளியே வந்தது. அடுத்த கணம் ஊசியில் நூலைக் கோத்து, சட்டைப் பொத்தானுக்குக் காஜா எடுப்பாளே, அதேபோல வெட்டின ஓரத்தைச் சுற்றித் தைக்க ஆரம்பித்துவிட்டாள்.

"அண்ணி! காஜாவா எடுக்கிறீங்க? இப்பவா? வெட்டிட்டு விடுங்க!"

"நூல் பிரிஞ்சிடும்டி!"

"கார் போயிடும் அண்ணி!"

"பிசிறோட விட மாட்டேன். நீ பேசாம இரு!"

இரண்டாவதும் முடிந்தது. மூன்றாவதில் பாதியில் அதிகாரி வந்து நின்றார். பின்னால் காத்திருந்த வண்டிகள் ஹாரன் அடித்தன. அக்கா நிமிரவே இல்லை. கடைசித் தையலை முடிச்சுப் போட்டு, நூலைப் பல்லால் கடித்து, "ம், இப்ப மாட்டுடி," என்றாள்.

க்ளிக். க்ளிக். க்ளிக்.

அதிகாரி குனிந்து அந்த மூன்று காஜாவையும் பார்த்தார். தன் சட்டையின் கைப் பொத்தானையும் ஒரு தடவை பார்த்துக்கொண்டார். பிறகு தாளில் டிக் அடித்து, முத்திரை குத்தி, அக்காவிடம் நீட்டினார்.

நாத்தனார் போட்ட சத்தத்தில் பெஞ்சில் இருந்த வீட்டுக்காரர் பதறி எழுந்தார். தாளை வாங்கி, மேலிருந்து கீழ்வரை இரண்டு தடவை படித்தார். மனுஷர் பேச்சு மாறவில்லை. கூடத்து ஆள் திருப்பிக் கொடுத்த சாவியை அக்கா உள்ளங்கையில் வைத்தார். பழக்க தோஷத்தில் ஓட்டுநர் கதவுப் பக்கம் போனவர், பாதியில் நின்று, சுற்றிக்கொண்டு வந்து மறுபக்கம் ஏறி உட்கார்ந்தார்.

நாத்தனார் பின்னால் ஏற, அக்கா முன்னால் ஏறினாள். கண்ணாடியைச் சரி செய்தாள். சிரிப்பு வந்தது.

"எங்க போகணும்?" என்று கேட்டார் அவர்.

கல்யாணமான இருபத்திரண்டு வருடத்தில் அவர் அப்படிக் கேட்டதே கிடையாது. அவர் போகிற இடத்துக்குக் கார் போகும், அவளும் ஏறிக்கொள்வாள். அவ்வளவுதான். அக்கா யோசித்துப் பார்த்தாள். ஒரு இடமும் தோன்றவில்லை.

"தெரியலைங்க," என்றாள். "போய்த்தான் பார்க்கணும்."

கேட் திறந்தது. வீடு இடப்பக்கம். அக்கா வலப்பக்க இண்டிகேட்டரைப் போட்டாள்.