மூலை வரிசை

நெல் ஆராய்ச்சி நிலையத்துச் செல்வதுரை சாரின் ஜீப் வருவதற்குள் எல்லா வரிசைக்கும் மார்க் போட்டுவிட வேண்டும் என்று தேவமணி விடிந்ததுமே வயலில் இறங்கிவிட்டாள். தேரிமேட்டுச் செம்மணலில் இருந்து கசிந்து வரும் தண்ணீர். இரும்பு மிஞ்சிப்போய், மேலே எண்ணெய் விட்டாற்போல் சிவப்பாக ஓர் ஆடை படர்ந்து கிடக்கும். நட்ட நெல்லெல்லாம் துருவேறிச் சாகும். எந்த ரகம் சாகாமல் நிற்கிறது என்று பார்க்கத்தான் ஏரலில் இருந்து ஆள் கூட்டிவந்து, வரிசைக்கு ஒரு ரகமாக நட்டிருந்தார்கள். ஒன்று போட்டால் பயிர் சுகம், ஒன்பது போட்டால் சாவு. மார்க் ஏற ஏறத் தோல்வி என்கிற இந்தத் தலைகீழ்க் கணக்கு நாசரேத்தில் படித்த தேவமணிக்கே பிடிபட நாளாயிற்று.

ஊரில் இரும்பு என்று யார் சொன்னார்கள்? பகவதியின் ரத்தம் என்றார்கள். வயலின் சொந்தக்காரி சுடலைமாடத்தியின் ஒரே மகள் பகவதி. எழுபத்துநாலாம் வருசத்துப் பிசானப் போகத்தில் நடவு நடும்போது இந்த வயலின் வடக்கு மூலையில் பாம்பு தீண்டிச் செத்தவள். தண்ணீர் முன்பும் சிவப்புதான். அவள் போனபிறகுதான் ஊருக்கு அது கண்ணில் பட்டது. பகவதி நொட்டாங்கைக்காரி, இடக்கையால்தான் நடுவாள். எல்லோருக்கும் பெருவிரல் அழுத்திய பள்ளம் நாற்றுக்கு வலப்பக்கம் விழுந்தால் அவளுக்கு இடப்பக்கம் விழும். ‘பள்ளத்தைப் பார்த்தாலே எம்மவ நட்டதுன்னு தெரியும் டீச்சர்’ என்று சுடலைமாடத்தி சொல்லாத நாளில்லை. படித்த பெண் எவளும் அவளுக்கு டீச்சர்தான்.

இந்தத் தடவையும் ஒரு ரகமும் தேறாவிட்டால் வயலைக் கைவிடுவதாகச் சார் சொல்லியிருந்தார். அப்புறம் அதில் இறங்க உள்ளூரில் ஒருத்தியும் வரமாட்டாள், முள்ளு உடைமரம் முளைத்து மூடிவிடும். அந்த நினைப்பிலேயே சுடலைமாடத்திக்குச் சோறு இறங்கவில்லை.

ஏழாவது வரிசையில் தேவமணிக்குத் திக்கென்றது. போன வாரம் செத்துக் கிடந்த நாற்றுக் குத்துகளின் இடத்தில் புது நாற்று நின்றது. எட்டிலும் அப்படி, ஒன்பதிலும் அப்படி. வரப்பில் நின்ற சுடலைமாடத்தியின் கையில் மிச்ச நாற்றுமுடி இருந்தது.

“யக்கா, செத்த இடத்துல எல்லாம் வேற நாத்து ஊணுனியளா?”

“பின்ன? பொக்கையும் பொறையுமா கெடந்தா வயலுக்காரிய என்ன சொல்லுவாவ?”

தேவமணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு போகத்து உழைப்பு போச்சே. “சாகட்டும்னு விடணும்க்கா! எது சாகுதுன்னு பாக்கத்தானே நட்டிருக்கு?”

“சாகுததப் பாக்கதுக்கா நட்டிய?”

சுடலைமாடத்தி சத்தமாகக்கூடக் கேட்கவில்லை. சொன்ன வாயை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தேவமணிக்குத் தெரியவில்லை. தணிந்த குரலில் கேட்டாள்.

“வடக்கு மூலை வரிசையிலயும் ஊணுனியளாக்கா?”

“அங்கன நான் எப்படி டீச்சர் காலு வைப்பேன்? ரெண்டு வருசமா அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பாக்கல.”

தேவமணி சேற்றை உழப்பிக்கொண்டு ஓடினாள். மூலை வரிசை பச்சைப் பசேலென்று நின்றது. இலையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள், ஒரு துருப்புள்ளி இல்லை. கர்த்தரே, இந்த ஒன்றாவது நிஜமாக இருக்கட்டும். பென்சிலை எடுத்து ஒன்று போடப் போனவள் கடைசிக் குத்தில் நின்றுவிட்டாள். புதிதாக ஊன்றிய நாற்று. ஒன்று புதிதென்றால் மற்றவை மட்டும் பழையவை என்று யார் கண்டது?

குனிந்து பார்த்தாள். பெருவிரல் பள்ளம் இடப்பக்கம் இருந்தது.

அவள் பேய் பிசாசை நம்புகிறவள் அல்ல. ஆனாலும் தன் பெருவிரலை அதில் வைத்துப் பார்த்தாள். பள்ளம் சின்னது, விரல் முழுசாக இறங்கவில்லை. தூரத்தில் ஜீப் சத்தம் கேட்டது.

வரப்பில் இருந்து சுடலைமாடத்தி, இந்தப் பக்கம் முகத்தைத் திருப்பாமலே கேட்டாள்.

“அங்கன நல்லாயிருக்கா டீச்சர்?”

தேவமணி விரலை எடுத்தாள். பள்ளத்தில் தண்ணீர் ஊறி நிறைந்தது. விலகியிருந்த சிவப்பு ஆடை நாலு பக்கமிருந்தும் மெல்ல நகர்ந்து வந்து அதை மூடிக்கொண்டிருந்தது.