காது திறந்த மாப்பிள்ளை

மூன்று மீட்டர் உயரப் பலகையிலிருந்து குதித்து, தண்ணீருக்குள் போய், வெறுங்கையோடு மேலே வருகிறவனுக்கு எதற்கு மெடல் என்பது எனக்கு அன்றும் விளங்கவில்லை, இன்றும் விளங்கவில்லை. நான் சங்கு குளிக்கிறவன், திரேஸ்புரத்து அம்புரோஸ். எட்டுப் பாகம், அதாவது எட்டு ஆள் ஆழம் இறங்கி மண்ணைத் துழாவிவிட்டு, மடிப்பையில் ஒரு சங்காவது இல்லாமல் மேலே வந்தால் எங்களுக்கு மானம் போய்விடும். என் தங்கை பிளாரன்ஸைக் கட்டிய இனிகோவுக்கோ வெறுங்கையோடு வருவதுதான் பிழைப்பு.

சும்மா சொல்லக்கூடாது, பெரிய சாம்பியன் அவன். சின்ன வயதில் துறைமுகத்தில் தோணியின் பாய்மரத்தில் ஏறி, அந்தரத்தில் ரெண்டு குட்டிக்கரணம் போட்டு விழுவான். பாளையங்கோட்டைக் காலேஜில் ஒரு டிரில் மாஸ்டர் கண்ணில் பட்டு ஸ்பிரிங் போர்டில் ஏறினான். எழுபதாம் வருஷம் மாநிலத்தில் முதல். அதை வைத்து மெட்ராஸில் ரெயில்வே குமாஸ்தா வேலை கிடைத்தது. எழுபத்திரண்டிலும் எழுபத்து மூன்றிலும் இந்தியாவிலேயே முதல். மூன்றாம் தடவையும் ஜெயித்தால் வெளிநாட்டுப் போட்டிக்கு அனுப்புவார்கள் என்று அவனுடைய கோச் ராஜதுரை சொல்லியிருந்தார். பிளாரன்ஸ் அதற்குள் கோட்டு தைக்கத் துணியே எடுத்துவிட்டாள்.

எழுபத்தைந்து ஜனவரியில் மெட்ராஸில் போட்டி. அதற்கு ரெண்டு மாதம் முன்னால் லீவில் வந்தவனிடம் நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். எனக்கு அந்தப் புத்தி இருந்தால் இந்தக் கதையே இல்லை.

"மாப்ள, நீ குதிக்கிறது எல்லாம் சரி. எட்டுப் பாகம் போயி ஒரு சங்கு எடுத்துட்டு வா. அன்னைக்கு உன்னத் தண்ணிக்காரன்னு ஒத்துக்கிடுதேன்."

"நாளைக்கே வாரேன் மச்சான்" என்றான். ரோஷக்காரன்.

மறுநாள் வள்ளத்தில் கூட்டிப்போனோம். புது ஆளுக்கு மட்டும் இடுப்பில் கயிறு கட்டுவது எங்கள் வழக்கம். கயிற்றை நான் பிடித்துக்கொண்டேன். தலைகீழாகச் சர்ரென்று போனான் பாருங்கள், அப்படி ஓர் அழகை நான் கண்டதில்லை. கொஞ்ச நேரத்தில் கயிறு தாறுமாறாக வெட்டி இழுத்தது. தூக்கினோம். கையில் சங்கு இல்லை. இடது காதில் ரத்தம்.

வள்ளத்தில் இருந்த அத்தனை பேரும் கைதட்டினார்கள். நானும்தான்! எங்களில் யாருக்குத்தான் காது முழுதாக இருக்கிறது? காது உடைகிற வரைக்கும் ஆழத்தில் உயிர் போகிற வலி. உடைந்துவிட்டால் வலி விட்டது, அன்றிலிருந்து அவன் எங்களைப் போலச் சங்கு குளிக்கும் ஆள். எனக்குப் பதினாறு வயதில் உடைந்தது. அன்றைக்கு எங்கள் வீட்டில் கோழி அடித்தார்கள்.

"ஏலே, காது திறந்துட்டு! இனிமே உனக்கு நோவே கிடையாது!" என்று அவனைக் கட்டிப்பிடித்தேன். அவன் வள்ளத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தான். பிளாரன்ஸும் கோழி அடித்தாள். பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெயை ரெண்டு சொட்டு நானே காதில் விட்டேன்.

கிறிஸ்துமஸுக்கு வந்தபோது ஆள் பாதியாக இருந்தான். பிளாரன்ஸ் கோயிலுக்குப் போயிருந்த நேரம் பார்த்து என்னைக் கொல்லைப்பக்கம் தள்ளிக்கொண்டு போனான்.

"மச்சான், அந்தரத்துல ஒண்ணும் இல்ல. தண்ணிக்குள்ள போனதும் எல்லாம் சுத்துது. மேல எது கீழ எதுன்னு தெரியல. போன வாரம் மேல வாரதா நெனச்சு நீந்துதேன், தலை போயி தரையில முட்டுது."

எனக்குத் தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை. "எனக்கு ரெண்டு காதும் ஓட்டைதான். ஒரு நிமிஷம் அடியில கெடக்கேன். நீ இருக்கது எண்ணி மூணு செகண்டு. உனக்கு மட்டும் எப்படிலே சுத்தும்?"

"டாக்டர்ட்ட காட்டினேன். பச்சைத் தண்ணி ஒரு காது ஓட்டை வழியா மட்டும் உள்ள போனா சுத்துமாம். நம்ம கடல் வெதுவெதுன்னு இருக்கும். அந்தக் குளத்துல, மார்கழி தையில, ஐஸு மாதிரி இருக்குது. ஒரு வருஷம் தண்ணில எறங்கக் கூடாதுன்னுட்டாரு."

"அப்ப எறங்காத."

"மூணாவது மெடலு மச்சான். வெளிநாடு. அடுத்த வருஷம் என் முழங்கால் என்ன சொல்லுமோ, எவன் வருவானோ? இப்ப விட்டா அவ்வளவுதான்." காதில் வாசலின் தடவிய பஞ்சை அடைத்துக்கொள்வதாகச் சொன்னான். "நீங்க குளத்து ஓரத்துல இருங்க. பத்து எண்ணியும் நான் வரலன்னா எறங்குங்க. கோச்சுக்கிட்ட மூச்சு விடக்கூடாது. பிளாரன்ஸ் மேல சத்தியம் பண்ணுங்க."

பண்ணினேன். உடைத்த பாவி நான், வேறென்ன செய்ய?

போட்டி நடந்த குளத்தில் கண்ணாடி போல அடி தெரிந்தது. வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, படிக்கட்டு ஓரமாக உட்கார்ந்தேன். ஊரிலிருந்து வந்த சொந்தக்காரர் என்று ராஜதுரை சார் டீ வாங்கிக் கொடுத்தார். அதைக் குடிக்காமல் படியில் வைத்துவிட்டுத் தண்ணீரையே பார்த்தேன். ஒவ்வொரு தடவை இனிகோ குதித்ததும் நான் எண்ணினேன். நாலில் வந்தான். அஞ்சில் வந்தான். ஒரு தடவை எட்டு ஆனது, அதுவும் படிக்கட்டுக்கு நேர் எதிர்ப்பக்கம் வந்து எழும்பினான். ஜனங்கள் சிரித்தார்கள். நான் ஒரு படி கீழே இறங்கி உட்கார்ந்தேன்.

கடைசிக் குதி. அவனுக்கும் ஒரு பட்டாளத்துப் பையனுக்கும் கொஞ்சம்தான் வித்தியாசம் என்றார்கள். இனிகோ பலகை நுனியில் எகிறினான். உடம்பை மடித்து ரெண்டரைச் சுற்று சுற்றி, விரித்து, ஊசி மாதிரி இறங்கினான். தண்ணீர் தெறிக்கவே இல்லை. ஐயோ, என்ன அழகு! நடுவர்கள் அட்டையைத் தூக்கினார்கள். ஒன்பது, ஒன்பது, எட்டரை. ஜனங்கள் எழுந்து விசில் அடித்தார்கள். எல்லாரும் அட்டையைப் பார்க்கிறார்கள், தண்ணீரை ஒரு பயலும் பார்க்கவில்லை.

ஒரு துண்டுப் பஞ்சு மிதந்து மேலே வந்தது.

பத்து வரை எண்ணவில்லை. குதித்தேன். அடியில் இனிகோ இருந்தான். கதவைத் தட்டுகிறவன் போல ரெண்டு கையாலும் தரையைத் தட்டிக்கொண்டிருந்தான். அவனுக்கு அதுதான் மேல்பக்கம்! இடுப்பைப் பிடித்துத் தூக்கியபோது, என்னமோ நான் அவனை முக்கிக் கொல்லப் பார்க்கிறேன் என்பதுபோல என்னை உதைத்தான். வாயில் உதைத்தான், பல் ஆடிவிட்டது. மேலே கொண்டுவந்து போட்டேன்.

சொந்தக்காரன் சந்தோஷத்தில் குளத்தில் குதித்துவிட்டான் என்று நினைத்து ஜனங்கள் இன்னும் பலமாகக் கைதட்டினார்கள். ராஜதுரை சார் ஓடிவந்து இனிகோவைக் கட்டிக்கொண்டார். "ஜெயிச்சிட்டப்பா! நாளைக்கே பாஸ்போர்ட்டுக்குப் போட்டோ எடுத்திரு!"

இனிகோ இருமினான். அவர் கையை விலக்கினான். தள்ளாடி நடந்துபோய், பலகைக்கு ஏறும் இரும்பு ஏணியைப் பிடித்தான்.

"எங்கலே போற?" என்றேன்.

"கடைசிக் குதி மச்சான்" என்றான். பிறகு அங்கேயே நின்று யோசித்தான். "குதிச்சாச்சா? இல்ல, இனிமேதானா?"

இந்தியாவிலேயே முதல் ஆள் அவன். தான் குதித்தாயிற்றா இல்லையா என்று சங்கு பொறுக்குகிறவனிடம் கேட்கிறான்.

"சார்" என்றேன். "இவனை எங்கயும் அனுப்பாதீங்க. இடது காது உடைஞ்சிருக்கு. தண்ணிக்குள்ள திசை தெரியாது. உடைச்சது நான்தான்."

ராஜதுரை சார் என்னைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். பக்கத்தில் நின்ற அதிகாரியிடம் இங்கிலீஷில் என்னமோ சொன்னார். அந்த ஆள் டாக்டரைக் கூப்பிடப் போனான். முடிந்தது. அதற்கப்புறம் இனிகோ எந்தப் பலகையிலும் ஏறவில்லை.

ஏணியைப் பிடித்தபடியே திரும்பினான்.

"தங்கச்சி மேல சத்தியம் பண்ணினீங்களே மச்சான். துரோகி. இப்படிப் பண்ணிட்டீங்களே."

சொல்லட்டும், எனக்கு வேண்டியதுதான். ஆனால் அவன் கண் என்மேல் இல்லை. எனக்கு ரெண்டு எட்டுத் தள்ளி இருந்த ஒரு தூணை நான் என்று நினைத்து, அதைப் பார்த்து அவன் அழுதுகொண்டிருந்தான். நான் ரெண்டு எட்டு எடுத்துவைத்து அந்தத் தூணுக்கு முன்னால் போய் நின்றுகொண்டேன்.