சொக்கலிங்கம் வளர்த்த பூவரசு

1966 தை மாசம் லீவு முடிந்து மெட்ராஸில் கப்பல் ஏறிய சொக்கலிங்கத்தோடு, ஏற்காட்டில் வாங்கிய நாலு செண்பகக் கன்றுகளும் ஏறின. அவர் கடல் தாண்டி, தீவிலிருந்த ஹேடோ துறைமுக ஸ்டோரில் கிளார்க். வீடு, கடலைப் பார்த்த குவார்ட்டர்ஸ் வரிசையில். வழியெல்லாம் தனக்குக் கொடுத்த குடிதண்ணீரில் பாதியைக் கன்றுகளுக்கே ஊற்றிக்கொண்டு வந்தார்.

"நாலு வருஷத்துல இந்த வரிசையே மணக்கப் போகுது பாரு," என்று மனைவி இந்திராணியிடம் சொன்னார்.

மாசி முடிவதற்குள் உப்புக்காற்று இலைகளை ஓரத்திலிருந்து கருக்கிவிட்டது. நாலில் மூன்று வெறும் குச்சியாக நின்றன.

பக்கத்து வீட்டு வாசலிலோ இரண்டு பூவரசு தளதளவென்று ஆள் உயரம் நின்றன. கிரேன் ஓட்டும் ஹபீப் முகம்மதுவின் மனைவி சபீஹா, கடற்கரை மரத்திலிருந்து போத்துக் கிளை வெட்டிக்கொண்டு வந்து, போன வருஷ மழைக்கு நட்டது. மஞ்சள் பூ பூத்து, சாயங்காலம் சிவந்து உதிரும். ஜெட்டிக்குப் போகிறவர்கள் நின்று பார்த்து ஒரு போத்து கேட்டுவிட்டுப் போனார்கள். செண்பகத்தை ஒருவரும் விசாரிக்கவில்லை.

"புதுக்கோட்டைப் பக்கம் இதை ஆட்டுக்குத் தழை ஒடிக்க வேலியில வைப்போம்மா," என்றார் சொக்கலிங்கம். "வீட்டு வாசல்ல அழகுக்கு யாராச்சும் வைப்பாங்களா?"

"பூத்தா அழகுதானேண்ணே," என்றாள் சபீஹா.

அந்தப் பதில் அவரை நாலு நாள் உறுத்தியது. ஐந்தாம் நாள் மத்தியானம், சாப்பாட்டுக்கு வந்தவர், ஊர் அசந்திருந்த நேரமாகப் பார்த்து ஜெட்டிப் படியில் இறங்கி ஒரு வாளி கடல் தண்ணீர் மொண்டு வந்தார். இரண்டு பூவரசின் வேரிலும் பாதிப் பாதியாக ஊற்றினார். மூன்றாம் நாள் ஊற்றும்போது கதவைத் திறந்துகொண்டு சபீஹா வந்து நின்றாள்.

"எங்க மரத்துக்கா தண்ணி ஊத்துறீங்க?"

"ஆமாம்மா. குழாயில தண்ணி வர்றதில்ல, பாவம் வாடுதேன்னு..."

வாளியில் ஒட்டியிருந்த பாசியை சபீஹா பார்த்தாள். "இந்த மனசு யாருக்கு வரும்," என்றாள். "நாந்தான் கழுநீரை ஊத்தி ஒப்பேத்துறேன். ஒங்க கை ராசியான கை. விட்டுடாதீங்கண்ணே."

மறுநாள், நெய் டின்களில் அவள் வேர்விட வைத்திருந்த மூன்று போத்துகளை எடுத்து வாசலில் வரிசையாக மண்ணில் வைத்தாள். ஐந்து மரத்தையும் ஒரே வீச்சில் ஒழித்துவிடலாம் என்று சொக்கலிங்கம் இரண்டு வாளி தூக்கினார். இடையிடையே அவர் காதில் விழும்படி சபீஹா புருஷனிடம், "அந்தக் கடைசி மரம் ஏனோ சோர்ந்து நிக்குதுங்க," என்பாள். அன்றைக்கு அதற்கு மட்டும் ஒரு வாளி கூடுதலாக விழும்.

"வீட்டுக்கு ஒரு கொடம் தண்ணி தூக்கினதில்ல நீங்க," என்றாள் இந்திராணி. "பக்கத்து வீட்டு மரத்துக்கு என்ன இப்படி ஒரு பாசம்?"

அவர் தோளைத் தடவிக்கொண்டார். சித்திரையும் போனது. ஐந்தும் துளிர்த்துக்கொண்டே இருந்தன.

வைகாசி முதல் மழைக்கு மறுநாள் குவார்ட்டர்ஸைப் பார்க்க என்ஜினியர் மஜும்தார் வந்தார். மெயின்லேண்டிலிருந்து வரவழைத்த கன்றெல்லாம் இந்தக் காற்றில் பட்டுப்போன வருத்தம் அவருக்கு. பூவரசுகளின் முன்னால் ஜீப்பை நிறுத்தி, "யே கிஸ்னே லகாயா?" என்று கேட்டார்.

"நட்டது நான் சாப்," என்று சபீஹா தனக்குத் தெரிந்த ஹிந்தியில் சொன்னாள். "கோடை முழுக்க பானி ஊத்தி வளர்த்தது சொக்கலிங்கம் அண்ணன். இந்த வரிசையே பார்த்துச்சு."

மஜும்தார் சொக்கலிங்கத்தின் கையைப் பிடித்துக் குலுக்கினார். வரிசை நெடுக பூவரசு வைக்கும் பொறுப்பை அங்கேயே அவரிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார்.

ஜீப் முனை திரும்பி மறையும்வரை சொக்கலிங்கம் காத்திருந்தார். "ஏம்மா, நான் ஊத்தினது என்ன தண்ணின்னு ஒனக்குத் தெரியுமா?"

"மொத நாளே தெரியும். கீழக்கரையில எங்க ஊட்டுப் பின்னாடி அலை வந்து பூவரசு வேரைக் கழுவிட்டுப் போவும்ணே. அதுக்கு ஒண்ணும் ஆவாது."

"அப்பவே சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தா நிறுத்தியிருப்பீங்களே."

உள்ளே பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்த இந்திராணி சிரித்த சிரிப்பு வாசல்வரை கேட்டது. சொக்கலிங்கத்துக்குக் காது சிவந்தது. கோபம்தான் வரும் என்று நினைத்தார். வாயோரம் இழுத்துக்கொண்டு வந்தது வேறு.

அந்த ஆனியில் அவரும் ஹபீப் முகம்மதுவும் சேர்ந்து இருபத்திரண்டு குழி வெட்டினார்கள். மரத்துக்கு மரம் எட்டடி போதும் என்றார் ஹபீப். பன்னிரண்டு அடிக்குக் குறைந்தால் கிளை பின்னிக்கொள்ளும் என்று சொக்கலிங்கம் அடித்துப் பேசினார், ஏதோ பிறந்ததிலிருந்து பூவரசு வளர்த்தவர் மாதிரி. பத்தடி என்று முடிவானது. பதினெட்டு பிழைத்தன.