ஒரு கிலோ சுண்ணாம்பு

அப்பாவைக் குளிப்பாட்டத் தண்ணீர் தூக்கிக்கொண்டு போன நேரத்தில்தான், சித்தப்பா நாகேஷ் எதையோ மடித்து பேன்ட் பாக்கெட்டில் திணிப்பதைச் சரளா பார்த்தாள். பிளாஸ்டிக் சரசரத்தது. இவளைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நேற்றிலிருந்தே அந்த மனுஷனிடம் எதுவோ சரியில்லை. அப்பா கோவிந்தப்பாவுக்கு இரண்டு வருஷமாக இதய நோய்தான், இல்லையென்று சொல்லவில்லை. நேற்றுக் காலை ஜோகுபாளையத்தில் இருக்கும் தன் கரும்புச் சாற்றுக் கடையில், காய்ச்சிய சாற்றை ஒரு தம்ளர் ருசி பார்த்தார். வாந்தி எடுத்தார். ஆஸ்பத்திரி வாசலிலேயே போய்விட்டார். ஹார்ட் அட்டாக் என்றார் டாக்டர். சித்தப்பா அங்கிருந்து வீட்டுக்கு வரவில்லை, நேரே கடைக்குப் போய் மிச்சச் சாற்றைச் சாக்கடையில் கொட்டி அண்டாவைத் தேய்த்தாராம். பக்கத்துக் கடை சில்வெஸ்டர் சொன்னார். அண்ணன் பிணமாகக் கிடக்கும்போது பாத்திரம் கழுவ எவனுக்கு மனசு வரும்?

ஒரு மாதமாக இரண்டு பேருக்கும் முட்டிக்கொண்டிருந்தது. சாற்றைப் பாட்டிலில் அடைத்து பொம்மசந்திரா ஃபேக்டரி கேன்டீன்களுக்கு அனுப்ப ஆரம்பித்திருந்தார் அப்பா. கலங்கலாக இருந்தால் வாங்க மாட்டார்கள். அதனால் காய்ச்சும்போது துளி சுண்ணாம்பு போடுவார். அழுக்கெல்லாம் திரண்டு நுரையாக மேலே வரும், வடிகட்டினால் சாறு தெளிந்து நிற்கும். இந்த வேலையே வேண்டாம் என்று சித்தப்பா சண்டை போட்டபடி இருந்தார்.

சரளா அவர் பின்னாலேயே குழாயடிக்குப் போனாள்.

"பாக்கெட்ல என்ன?"

"ஒண்ணும் இல்லம்மா. உள்ள போ."

"அப்பா குடிச்சதுல என்ன கலந்தீங்க?"

அவர் கோபப்படவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் ஆத்திரமாக வந்தது. பாக்கெட்டில் கைவிட்டு இழுத்தாள். அவர் மணிக்கட்டைப் பிடித்தார், பிறகு விட்டுவிட்டார்.

வெள்ளைப் பொடி ஒட்டிய பிளாஸ்டிக் கவர். மேலே சுவருக்கு வெள்ளையடிக்கும் பிரஷ் படம். ஓரத்தில் ஹார்டுவேர் கடையின் சிவப்பு ஸ்டிக்கர்.

அந்தக் கடை அவளுக்குத் தெரியும். முந்தாநாள் சாயந்திரம் வேலை முடிந்து பஸ்ஸில் வரும்போது அப்பா போன் செய்து, சுண்ணாம்பு தீர்ந்துவிட்டது, ஒரு கிலோ வாங்கி வா என்றார். எந்தச் சுண்ணாம்பு என்று அவர் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. சுவருக்கு அடிப்பதில் கண்ட மருந்தும் கலந்திருக்கும், சாப்பாட்டுக்கென்று தனிச் சுண்ணாம்பு உண்டு, அதை அப்பா சிட்டி மார்க்கெட்டில் பார்த்துப் பார்த்து வாங்குவார் என்பதே அவளுக்குத் தெரியாது. நேரே அப்பாவின் கடைக்குப் போனாள், அங்கே டப்பா காலியாக இருந்ததால் அவளே அதில் கொட்டி மூடினாள். கவரைக் கல்லாவுக்குக் கீழே போட்டாள்.

"டாக்டர் ஹார்ட்டுன்னுதான் சொன்னாரு," என்றார் சித்தப்பா. "ஹார்ட்டுதாம்மா. வேற எதையும் யோசிக்காத. இத யாராச்சும் பாத்தா, யாரு வாங்கினதுன்னு கேப்பாங்க."

அவள் கையிலிருந்து கவரை வாங்கி மறுபடி பாக்கெட்டில் வைத்துக்கொண்டார். அவர் நகக்கண்ணெல்லாம் இன்னும் வெள்ளையாக இருந்தது.

கூடத்தில் அப்பாவுக்குப் புது வேட்டி கட்டியிருந்தார்கள். சரளா தலைமாட்டில் போய் உட்கார்ந்தாள். துக்கம் கேட்க வந்தவர்கள் வெற்றிலைத் தட்டைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். சில்வெஸ்டர் வெற்றிலையின் காம்பைக் கிள்ளிவிட்டு அவளைப் பார்த்தார்.

"சுண்ணாம்பு எடும்மா சரளா."

வெற்றிலைச் சுண்ணாம்பு டப்பா அவள் முழங்காலுக்குப் பக்கத்திலேயே இருந்தது. அவள் கை எழவில்லை. சித்தப்பா குனிந்து எடுத்துக் கொடுத்தார்.